முப்பத்தொரு கட்டைக்கு எண்ணெய் விட்டேன்

போன ஆவணியில், கோவை அவிநாசி ரோட்டில் இருக்கும் எங்கள் கலை மன்றத்து அரங்கில் நடந்தது இது. கிழமை ஞாயிறு. தேதியும் டைரியில் இருக்கிறது. ஆனால் அதை இங்கே எழுதினால், அன்று கச்சேரிக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் குற்றவாளி யாரென்று தெரிந்துபோகும். ஆகவே, வாழ்க்கையில் முதல் முறையாகத் தேதி போடாமல் ஒரு சம்பவத்தை எழுதுகிறேன்.

நான் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மெஷினுக்கு எந்தக் கிழமையில் எத்தனை சொட்டு எண்ணெய் என்பதுதான் முப்பது வருடத்துக்கு மேல் என் வேலை. ஓய்வுக்குப் பிறகு மிஞ்சியவை இரண்டு பழக்கங்கள். தினமும் டைரி எழுதுவேன். நூலகத்தில் எது கிடைத்தாலும் எடுத்துவந்து முதல் பக்கத்திலிருந்து வரிசை தவறாமல் படிப்பேன். அறுபத்திரண்டாவது வயதில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. பியானோ கற்றுக்கொள்ளப் போனேன்.

என் டீச்சருக்கு வயது ஐம்பதுக்குப் பக்கம். கிணத்துக்கடவுக்கு உள்ளே ஒரு தென்னந்தோப்புக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுத்த கன்னியாஸ்திரி ஒருவரிடம் தொடங்கி, சென்னை போய், அங்கிருந்து ஐரோப்பா போய்ப் படித்து, இருபது வருடம் பல நாட்டு மேடைகளில் மேற்கத்திய சாஸ்திரிய இசை வாசித்தவர். ஊர் திரும்பி ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு வாடகை வீட்டில் வகுப்பு நடத்துகிறார். எனக்கு வியாழன் மாலை நாலே கால். எனக்கு முந்தைய வகுப்பு ஏழு வயதுக் குழந்தை ஒன்றுக்கு. அது முடித்துவிட்டு வெளியே வரும்போது, "அங்கிள், ஹோம் வொர்க் பண்ணீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகும். பெரும்பாலும் பண்ணியிருக்க மாட்டேன்.

எத்தனையோ ஊரில் வாசித்த டீச்சர், சொந்த ஊரில் ஒரு முறைகூட வாசித்ததில்லை. எங்கள் மன்றத்துக்கு ஒரு மில் குடும்பம் தங்கள் பங்களாவில் சும்மா கிடந்த பெரிய பியானோவை அன்பளிப்பாகக் கொடுத்த பிறகுதான் அதற்கு வழி பிறந்தது. நான் மன்றத்தின் இணைச் செயலாளர். பியானோச் சாவி என்னிடம். கச்சேரிக்கு அவருடைய சொந்தக்காரர்கள் இரண்டு வேனில் வருவதாக ஏற்பாடு. அதைச் சொன்னபோது டீச்சர் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது.

"வெளிநாட்டுல ஒரு தப்பு வந்தா மறுநாள் பேப்பர்ல நாலு வரி எழுதுவாங்க, அவ்வளவுதானுங்க சார். இவங்க முன்னால தப்பு வந்துதுன்னா, இத்தன வருசமா இதத்தான் பண்ணிட்டிருந்தியான்னு கேப்பாங்க. எங்க மாமா இருக்காரே, நானு டைப்பு அடிக்கற வேலையில இருக்கறதாத்தான் இன்னும் நெனச்சுட்டிருக்காருங்க."

கச்சேரிக்குப் பதினோரு நாள் முன்னால், ஒரு புதன்கிழமை, டீச்சர் அரங்கத்துக்கு வந்து வாசித்துப் பார்த்தார். போகும்போது, "எங்கியோ கீச்சுன்னு ஒரு சத்தம் கேக்குதுங்க சார். டியூனர் வரும்போது பாத்துக்கலாமுங்க" என்றார்.

பாத்துக்கலாம் என்று தள்ளிப் போடுகிற சொல்லை நான் என் டிபார்ட்மென்டில் அனுமதித்ததே இல்லை. கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் அது மெஷின் அழுகிற சத்தம். மேலும், பியானோவுக்குள் ஆயிரக்கணக்கான உறுப்புகள் அசைகின்றன என்று அப்போதுதான் ஒரு நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். அசைகிற பொருள் என்றால் எண்ணெய் வேண்டும். பியானோவுக்குள் எண்ணெய் படவே கூடாது என்ற விஷயம் அதே புத்தகத்தின் எட்டாவது அத்தியாயத்தில் இருந்தது. நான் அப்போது ஐந்தில் இருந்தேன்.

மறுநாள் காலை எட்டு ஐந்துக்கு வேலையைத் தொடங்கினேன். முந்தைய தடவை சுருதி சேர்க்கும் டியூனர் வந்தபோது பக்கத்தில் நின்று பார்த்து, எந்தத் திருகாணியை முதலில் கழற்றினார், எதை இரண்டாவது கழற்றினார் என்று டைரியில் படமே வரைந்து வைத்திருந்தேன். அதே வரிசையில் கழற்றினேன். மேசை இழுப்பறையை இழுப்பதுபோல மொத்த இயந்திரமும் வெளியே வந்தது. அடடா, என்ன வேலைப்பாடு! விரல் அழுத்தும் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குட்டிச் சுத்தியல், அதற்கு ஒரு குட்டி அச்சு, அச்சைச் சுற்றிக் கம்பளித் துணி. நூல் நூற்கும் நம் ரிங் ஃபிரேமே தோற்றுப்போகும் என்று நினைத்துக்கொண்டேன். மில்லில் இருந்து ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்திருந்த, நூற்புக் கதிர்களுக்கு விடும் ஸ்பிண்டில் ஆயிலை, பேனாவுக்கு மை போடும் ஃபில்லரில் எடுத்து, அச்சுக்கு இரண்டு சொட்டு வீதம் விட்டேன். வலது கோடியில் ஆரம்பித்து வரிசையாக வந்தேன்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை. எண்பத்தெட்டுக் கட்டைகளில் முப்பத்தொன்று முடிந்திருந்தது. மின்வாரியத்தின் பராமரிப்புதான் என் பராமரிப்பிலிருந்து மிச்சம் ஐம்பத்தேழு கட்டைகளைக் காப்பாற்றியது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இருட்டில் வேலை செய்வது விதிமுறைக்கு விரோதம் என்பதால் எல்லாவற்றையும் சரியாக மாட்டிவிட்டு, 'வலது கோடியிலிருந்து 31 முடிந்தது. மீதி 57 அடுத்த வாரம்' என்று டைரியில் எழுதினேன். அடுத்த வாரம் சூலூரில் மகள் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. மீதி மீதியாகவே நின்றது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ரயிலில் வந்த டியூனர் காலை பத்து மணிக்குச் சற்று முன்னால் அரங்கத்துக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர். நான் மன்றத் தலைவருடன் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன். டியூனர் தன் பையைப் பிரிப்பதற்குள் டீச்சரும் வந்துவிட்டார். உட்கார்ந்து, இடது கோடியிலிருந்து வலது கோடிவரை ஒரே மூச்சில் விரல்களை ஓட்டினார். பாதிக்கு மேல் வந்ததும், ஓடுகிற பஸ் மணலில் இறங்கியதுபோல் ஆகிவிட்டது. அழுத்திய கட்டைகள் அழுந்தியபடியே கிடந்தன. எழுந்து வர அவற்றுக்கு மனமில்லை.

டியூனர் இயந்திரத்தை வெளியே இழுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு அச்சை விரலால் தொட்டு, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"யாரோ எண்ணெய் விட்டிருக்காங்க சார்" என்றார், யாரோ இறந்துவிட்டார்கள் என்று சொல்லும் குரலில். "துணி மொத்தமும் ஊறி வீங்கியிருக்கு. எந்த முட்டாள் பண்ண வேலை இது?"

அப்போது மணி பத்து பதினெட்டு. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நிமிடம் முதல் நான் சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

தலைவர் யோசிக்கவே இல்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டார். அன்னூர்க்காரர், கேட்டுக்கு எண்ணெய் விட அவர் அறையில் எப்போதும் ஒரு ஆயில் கேன் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"ஏப்பா, உன்ற ஆயில் கேனக் கொண்டாந்து இதுல ஊத்துனயா?"

"இல்லீங்கய்யா. சாமி சத்தியமா இல்லீங்க. நானு கேட்டுக்கும் பம்பு ரூமு கதவுக்கும் உட்டேனுங்க. இதுக்குப் பூட்டு இருக்குதுங்களே?"

"பொறவு எண்ணெய் தானா ஏறிப் போச்சா? நாளைக்கி வேலைக்கி வரோணுமா வேண்டாமான்னு நெனச்சுப் பேசு."

பூட்டு இருக்கிறது என்று அவர் சொன்னதும் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. இணைச் செயலாளர், ஓய்வு பெற்ற சூப்பர்வைசர், புத்தகம் படிக்கிறவர் மேல் யாருக்கு சந்தேகம் வரும்? அந்தச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு கிலோ கனத்தது. மனசுக்குள் நான் ஒரு கடிதம் தயாரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நிதானமாகத் தலைவருக்கு எழுதலாம், காரண காரியங்களோடு விளக்கலாம், கச்சேரி நேரத்தில் எதற்குக் குழப்பம் என்று.

டீச்சர் மட்டும் யாரையும் திட்டவில்லை. மேடை விளிம்பில் உட்கார்ந்து, "ரெண்டு வேனும் மூணு மணிக்கிக் கெளம்பிருமுங்க" என்றார். நிறுத்தச் சொல்லலாமா என்று டியூனரைப் பார்த்தார். அவர் தலையைச் சொறிந்தார். எது நல்ல கட்டை, எது கெட்ட கட்டை என்று பார்த்தால் தெரியாது, இன்று வேலை செய்கிற கட்டையே மாலையில் சூடேறினால் மக்கர் பண்ணலாம், எண்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க இரண்டு நாள் ஆகும் என்றார்.

"அப்ப வேண்டாமுன்னு சொல்லிப்போடறேனுங்க" என்று டீச்சர் போனை எடுத்தார்.

மணி பத்து இருபத்தொன்பது.

"நான்தானுங்க" என்றேன்.

பதினோரு நிமிடம். மில்லில் ஒரு மெஷின் பதினோரு நிமிடம் நின்றால் நான் எழுத்து மூலம் காரணம் கேட்பேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கீச்சென்ற சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். ஸ்பிண்டில் ஆயில், ஃபில்லர், இரண்டு சொட்டு எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது இன்னும் கேவலமாகிக்கொண்டே போனது. டீச்சர் எழுந்து நின்றார். கோபம் வந்தாலும் அவருக்கு மரியாதை குறையாது. அதுதான் இன்னும் கொடுமை.

"ஏனுங்க சார், நானு எப்பவாச்சும் உங்க மில்லுக்குள்ள வந்து ஸ்பிண்டிலத் தொட்டனுங்களா?"

"இல்லீங்க மேடம்."

"பஞ்சு மூட்டைக்குத் தண்ணி தெளிச்சனுங்களா?"

"இல்லீங்க."

"பொறவு ஏனுங்க?"

அந்த நேரம் பார்த்து டியூனர் பியானோ முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கீச்சென்றது. மறுபடி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். மறுபடி கீச். பியானோ ஒரு பாவமும் அறியாது. சத்தம் போட்டது ஸ்டூல்.

டீச்சரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் செத்தே போனேன். சிரிக்கிறார்.

"எத்தனை கட்டைக்கு சார் விட்டீங்க?" என்றார் டியூனர். நான் டைரியை எடுத்துக் கொடுத்தேன். வலது கோடியிலிருந்து முப்பத்தொன்று, தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை சொட்டு, ஏழாவது கட்டைக்கு மட்டும் கை நழுவி மூன்று சொட்டு விழுந்தது உள்பட எல்லாம் அதில் இருந்தது. அவர் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"செஞ்சதுக்கு உங்கள ரெண்டு போடணும் சார். எழுதி வெச்சதுக்கு ஒரு கும்பிடு போடணும். மத்த அம்பத்தேழயும் நான் பாக்கவே வேணாம். கழட்டுனது வேற சுத்தமா கழட்டியிருக்கீங்க, ஒரு சுத்தி உடையல. சரி, ஸ்பிரிட்டும் ஹேர் டிரையரும் கொண்டாங்க."

ஸ்பிரிட் மருந்துக் கடையில் கிடைத்தது. ஹேர் டிரையருக்கு எதிர்ப்பக்கம் இருந்த அழகு நிலையத்துக்கு ஓடினேன். முகூர்த்த நாள். உள்ளே வரவேற்புக்குத் தயாராகும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் கடைக்கார அம்மா நம்பவில்லை.

"ஏனுங்ணா, பியானோவுக்குத் தல காய வெக்கறீங்களா?"

"ஆமாங்க."

"இருக்கறதே மூணு. ஒண்ணு தாரேன். நாலு மணிக்கு எனக்கு ஒரு பொண்ணு வருதுங்க, அதுக்குள்ள வந்தாகோணும். லேட்டாச்சுன்னா அந்தப் பொண்ணக் கூட்டிட்டு நேரா உங்க ஸ்டேஜுக்கு வந்துருவேன்."

அன்று மதியம் முழுக்க நான் டியூனரின் எடுபிடி. அவர் ஒவ்வொரு அச்சாகத் துடைத்து ஸ்பிரிட் விட, நான் பின்னாலேயே டிரையரைப் பிடித்தேன். அடிக்கடி வாசிக்கப்படுவது நடுப்பக்கம் என்பதால் அங்கிருந்து வலது கோடியை நோக்கிப் போனோம். மூன்றரைக்கு டிரையரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன்பின் என் சொந்தக் கைவிசிறி. ஐந்து பத்துக்கு டியூனர் நிமிர்ந்தார். பதினான்கு கட்டைகள் தேறிவிட்டன. கடைசிப் பதினேழு தேறவில்லை.

டீச்சர் நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு என் டைரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் மூன்று உருப்படிகளுக்கு அந்தப் பதினேழு தேவையில்லை. கடைசி உருப்படிதான் கச்சேரியின் உச்சம். வலது கை மேல்கோடியில் மத்தாப்புக் கொளுத்துகிற மாதிரி ஓடும். அதைப் பென்சிலால் அடித்தார். கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ பனியில வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு போயிருச்சுங்க சார். பத்து மாசம் இடது கையிலயேதான் வாசிச்சேன். அதுக்குன்னே எழுதின உருப்படிங்க இருக்குது. அந்தக் கை அவ்வளவு மேல போகாது" என்றார். பிறகு அரை மணி நேரம், இடது கையை மட்டும் வைத்து, மெதுவாக, மறந்துபோன ஒன்றைத் தேடுகிறவர்போல் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆறரைக்குக் கச்சேரி. சொந்தக்காரர்கள் நான்காவது வரிசையிலிருந்து ஏழாவது வரிசைவரை நிரம்பியிருந்தார்கள். முதல் உருப்படியில் முறுக்குப் பொட்டலம் பிரிகிற சத்தம் கேட்டது. இரண்டாவதில் மாமா, வெள்ளை வேட்டி சட்டை, இரண்டு முறை கைக்கடிகாரம் பார்த்தார். மூன்றாவது முடிந்தது தெரியாமல் ஒரு நிமிடம் யாரும் கை தட்டவில்லை. டீச்சர் திரும்பிப் பார்த்ததும் அவசரமாகத் தட்டினார்கள். அவர் நெற்றி வியர்த்திருந்தது. பெரிதாக ஒன்றும் தப்பு நடக்கவில்லை; பெரிதாக ஒன்றும் நடக்கவுமில்லை.

அப்போது அவர் எழுந்து மைக்கை எடுத்தார்.

"நிகழ்ச்சியில ஒரு சின்ன மாற்றமுங்க. கடைசி உருப்படிய இடது கையால மட்டும் வாசிக்கப் போறேன். இந்த மாற்றத்துக்குக் காரணம் என்னோட மாணவர் ஒருத்தருங்க. முன்னால உக்காந்திருக்காரு. சார், கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தேன். அரங்கமே கை தட்டியது. தலைவர் தட்டவில்லை. கதவோரம் நின்ற வாட்ச்மேன் மட்டும் மிகப் பலமாகத் தட்டினார்.

டீச்சர் வலது கையை மடியில் வைத்துக்கொண்டார். இடது கை கீழே ஒரு அடி அடித்துவிட்டு மேலே போய் ஒரு பாட்டைத் தொட்டு, அது தேய்வதற்குள் மறுபடி கீழே வந்தது. கண்ணை மூடினால் இரண்டு பேர் வாசிக்கிறார்கள். முறுக்குச் சத்தம் நின்றுபோனது. ஐந்தாவது வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்று பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லவில்லை, அவர்களும் எழுந்தார்கள். மாமா நடைபாதைக்கே வந்துவிட்டார். நடுவில் ஒரு தடவை வலது கை தானாக மடியிலிருந்து எழும்பி, வேலை இல்லை என்று தெரிந்ததும் திரும்பப் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. டீச்சரும் வாசித்துக்கொண்டே சிரித்தார். முடிந்தபோது எழுந்த சத்தத்தை நான் டைரியில் எழுத முயன்று, முடியாமல் விட்டுவிட்டேன்.

மாமாதான் முதலில் மேடை ஏறினார்.

"ஏங்கண்ணு, ஒரே கையில இம்புட்டு வேலையா! அந்தக் கைக்கு என்ன, நோவா?"

"இல்லீங் மாமா. அதுக்கு இன்னிக்கு லீவுங்க."

"நானு இத்தன நாளா என்னமோ டைப்பு அடிக்கறயாக்கும்னு நெனச்சுப்போட்டேன் அம்மணி. ஊட்டுக்கு வா, எல்லாத்துக்கும் நானே சொல்றேன்" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையான யோசனைங்க. படிச்சவங்க படிச்சவங்கதானுங்க."

அவருக்குப் பின்னால் இரண்டு வேன் சொந்தக்காரர்களும் வரிசையாக வந்து என் கையைக் குலுக்கினார்கள். ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். அவர் என்னைக் காப்பாற்றுகிறாரா, தண்டிக்கிறாரா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

கூட்டம் கலைந்ததும் வாட்ச்மேன் அறைக்குப் போனேன்.

"யோசனை உங்களுதுங்களாமே சார்?" என்றார்.

"எண்ணெய் மட்டும்தானுங்க என்னுது" என்றேன். அந்தப் பதினோரு நிமிடத்துக்கு மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க சொல்லிருவீங்கன்னு தெரியுமுங்க. உங்க மூஞ்சியே எண்ணெ வழிஞ்சுட்டு இருந்துச்சு" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஆனா எனக்கு வேல போயிருமோன்னு நெனச்சுட்டேனுங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் உள்ளே கிடக்கிறது.

டியூனர் மறுநாளும் தங்கிப் பதினேழையும் சரிசெய்துவிட்டுப் போனார். வியாழன் மாலை நாலே காலுக்குத் தயங்கித் தயங்கி வகுப்புக்குப் போனேன். டீச்சர் வழக்கம்போல ஹோம் வொர்க் கேட்டார். நான் வழக்கம்போலப் பண்ணியிருக்கவில்லை.

இப்போதும் எங்கே கீச்சென்று சத்தம் கேட்டாலும் கை பரபரக்கத்தான் செய்கிறது. டைரியில் நேரம், அளவு, எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி போட்டு, 'யாரைக் கேட்டேன்?' என்று தலைப்பு எழுதியிருக்கிறேன். அந்த ஒரு பத்தியை முப்பது வருடம் முன்பே போட்டிருந்தால், மில்லில் என் கையால் கெட்ட மெஷினுக்காக, தாங்கள் செய்யாத தப்புக்கு எத்தனை தொழிலாளிகள் என் முன்னால் கை கட்டி நிற்காமல் இருந்திருப்பார்களோ என்று நினைக்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றுபோகிறது.